உக்ரைன் போரும் நேட்டோ என்னும் சாக்கும்

உக்ரைன் போரைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே வாக்கியத்தில் வந்து நிற்கிறது: ‘நேட்டோ விரிவாக்கம்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.’ தலையங்கங்களிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் இடதுசாரி மேடைகளிலும் இது ஏறக்குறைய தீர்ந்துபோன விஷயமாகவே சொல்லப்படுகிறது. அந்த வாதம் நமக்குப் பழக்கமானதுதான். சோவியத் ஒன்றியம் 1991இல் சிதறியது. எதிரி இல்லாமல் போன பிறகும் நேட்டோ கலைக்கப்படவில்லை. கிழக்கே ஓர் அங்குலம்கூட நகர மாட்டோம் என்ற வாக்கை மீறி 1999இல் போலந்து, ஹங்கேரி, செக் குடியரசு ஆகியவற்றையும், 2004இல் பால்டிக் நாடுகள் உட்பட ஏழு நாடுகளையும் சேர்த்துக்கொண்டு ரஷ்யாவின் வாசல்வரை வந்தது. உக்ரைனையும் இழுக்கப் பார்த்தபோது வேறு வழியின்றி மாஸ்கோ ஆயுதம் எடுத்தது. இப்படிச் சொல்பவர்கள் எல்லாரும் மாஸ்கோவின் ஊதுகுழல்கள் அல்லர். பனிப்போர்க் காலத்தில் அமெரிக்காவின் சோவியத் கொள்கைக்கு அடித்தளமிட்ட ஜார்ஜ் கென்னன், இந்த விரிவாக்கம் விபரீதமான தவறாக முடியும் என்று 1997இலேயே எழுதினார். சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜான் மியர்ஷைமர் 2014இல் கிரைமியா பறிபோனதற்கான பழியை மேற்குலகின் மீதே சுமத்தினார். இவ்வளவு பேர் ஆதரிக்கும் கருத்தை எள்ளி நகையாடித் தள்ளிவிட முடியாது. சான்றுகளை வைத்துச் சோதிக்க வேண்டும். சோதித்துப் பார்த்தால் அது தேறவில்லை என்பதே என் வாதம்.

எதைப் பற்றித் தகராறு இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நேட்டோவின் வளர்ச்சி ரஷ்யாவின் ஆளும் வர்க்கத்தைப் புண்படுத்தியது உண்மை. 1990களில் ரஷ்ய அதிபராக இருந்த யெல்ட்சினும் அதை எதிர்த்தார். 2007 பிப்ரவரியில் மியூனிக் பாதுகாப்பு மாநாட்டில் புதின் அதை வெளிப்படையாகவே கண்டித்தார். ஆனால் மனக்கசப்பு வேறு, போருக்கான காரணம் வேறு. மனக்கசப்போடு பல நாடுகள் பல பத்தாண்டுகள் அண்டை வீட்டாரோடு வாழ்ந்திருக்கின்றன. நேட்டோவால் எழுந்த அச்சமே இந்தப் போரைக் கொண்டுவந்தது என்றால் சில விஷயங்கள் நடந்திருக்க வேண்டும். அந்த அச்சம் உச்சத்தில் இருந்தபோது படை நகர்ந்திருக்க வேண்டும். கூட்டணி எங்கே மிக அருகில் வந்ததோ அங்கே அடி விழுந்திருக்க வேண்டும். புதிதாக ஒரு நாடு சேரும்போதெல்லாம் மாஸ்கோ கொதித்திருக்க வேண்டும். உக்ரைன் நடுநிலைக்கு இணங்கினால் போர் தணிந்திருக்க வேண்டும். இந்த நான்கில் எதுவும் நடக்கவில்லை.

காலத்திலிருந்து தொடங்குவோம். உக்ரைன் மீது முதல் அடி விழுந்தது 2022இல் அல்ல, 2014 பிப்ரவரியில். அப்போது உக்ரைன் எந்த நிலையில் இருந்தது? எந்த இராணுவ அணியிலும் சேர மாட்டோம் என்று 2010 ஜூலையில், விக்தர் யானுகோவிச் ஆட்சியில், உக்ரைன் சட்டமே இயற்றியிருந்தது. அதே ஆண்டு ஏப்ரலில், செவஸ்தபோலில் இருந்த ரஷ்யக் கருங்கடல் கப்பற்படைத் தளத்தின் குத்தகை 2042வரை நீட்டிக்கப்பட்டிருந்தது. நேட்டோவில் சேர்வதை உக்ரைன் மக்களில் பெரும்பாலோர் அன்று விரும்பவும் இல்லை. 2013 நவம்பரில் கீவ் நகரின் மைதானத்தில் மக்கள் திரண்டது நேட்டோவுக்காக அல்ல; ஐரோப்பிய ஒன்றியத்துடனான கூட்டுறவு ஒப்பந்தத்தில் கையெழுத்திடாமல் அரசு பின்வாங்கியதற்காக. ஐரோப்பாவில் நேட்டோவின் படைபலமோ அப்போது சுருங்கிக்கொண்டிருந்தது. பனிப்போரின் இறுதியில் ஐரோப்பாவில் மூன்று லட்சத்துக்கும் மேல் இருந்த அமெரிக்கப் படையினர் நான்கில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்திருந்தனர். ஜெர்மனி 2011இல் கட்டாய இராணுவ சேவையை நிறுத்தியிருந்தது. ஜெர்மன் மண்ணில் எஞ்சியிருந்த கடைசி 22 அமெரிக்க ஆப்ராம்ஸ் டாங்கிகளும் 2013 மார்ச்சில் கப்பலேற்றி அனுப்பப்பட்டன. இரண்டாம் உலகப் போர்க் காலத்துக்குப் பிறகு அந்த மண்ணில் அமெரிக்க டாங்கியே இல்லை என்ற நிலை அப்போதுதான் வந்தது. அடுத்த ஆண்டு கிரைமியா பறிக்கப்பட்டது.

2014 மார்ச் 18ஆம் நாளை மட்டும் எடுத்துப் பாருங்கள். உக்ரைனின் இடைக்காலப் பிரதமர் அர்செனி யாட்சென்யுக் அன்று தொலைக்காட்சியில் தோன்றி, கிழக்குப் பகுதி மக்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக ரஷ்ய மொழியிலேயே பேசினார். நேட்டோவில் சேரும் பேச்சே நிகழ்ச்சி நிரலில் இல்லை என்று வெளிப்படையாக அறிவித்தார். அதே நாளில்தான் கிரெம்ளினில் கிரைமியாவை ரஷ்யாவுடன் இணைக்கும் ஒப்பந்தத்தில் புதின் கையெழுத்திட்டார். நேட்டோ அச்சம் உண்மையான காரணமாக இருந்திருந்தால், அந்த அறிவிப்பு மாஸ்கோவுக்கு வலியத் தேடிவந்த வாய்ப்பு. அதைப் பற்றிக்கொண்டு பேச்சுவார்த்தையில் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. அணிசேராச் சட்டத்தை உக்ரைன் நாடாளுமன்றம் நீக்கியது 2014 டிசம்பரில். அதற்குள் கிரைமியா போய், கிழக்கே தோன்பாஸ் பகுதியில் போரும் மூண்டிருந்தது. உக்ரைன் நேட்டோவை நோக்கித் திரும்பியது படையெடுப்பின் விளைவு. விளைவைக் காரணமாகக் காட்டுவதே இந்த வாதத்தின் முதல் கோளாறு.

அடுத்து, அடி விழுந்த இடங்கள். எஸ்தோனியாவின் நார்வா நகரத்துக்கும் ரஷ்யாவின் இவாங்கரத் நகரத்துக்கும் நடுவில் ஓடுவது ஓர் ஆறு மட்டுமே. இரு கரையிலும் பழைய கோட்டைகள் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன. புதின் பிறந்து வளர்ந்த செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அங்கிருந்து சுமார் 150 கிலோமீட்டர்தான். 2004 முதல் இதுவே நேட்டோவின் எல்லை. அந்த ஆற்றை ரஷ்யப் படை கடக்கவில்லை. நார்வே 1949இல் நேட்டோவைத் தொடங்கிய நாடுகளில் ஒன்று. அன்று முதல் ரஷ்யாவோடு எல்லையைப் பகிர்ந்துகொள்கிறது. அங்கும் போர் இல்லை. ரஷ்யப் படை நிற்கும் இடங்கள் எல்லாம் கூட்டணிக்கு வெளியே இருக்கின்றன. மால்டோவா தன் 1994ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்திலேயே நிரந்தர நடுநிலையை எழுதிவைத்த நாடு. நேட்டோவில் சேர விண்ணப்பித்ததே இல்லை. ஆனாலும் அதன் திரான்ஸ்னிஸ்திரியா பகுதியில் ரஷ்ய வீரர்கள் இன்றும் இருக்கிறார்கள். அங்கே கொபாஸ்னா என்ற சிற்றூரில் சுமார் 20,000 டன் சோவியத் காலத்து வெடிபொருட்கள் அவர்கள் காவலில் கிடக்கின்றன. 1999இல் இஸ்தான்புல் உச்சிமாநாட்டில், 2002க்குள் வெளியேறிவிடுவதாக ரஷ்யா ஒப்புக்கொண்டது. வெளியேறவில்லை. ஜார்ஜியாவிலும் இதே கதைதான்: 1990களிலேயே அந்நாட்டின் கையை விட்டுப் போயிருந்த அப்காசியாவையும் தெற்கு ஒசேத்தியாவையும் 2008 போருக்குப் பிறகு ரஷ்யா தனி நாடுகளாக அங்கீகரித்துத் தன் படையை அங்கே நிறுத்தியது. கூட்டணிக்குள் இருந்தவர்கள் தப்பினார்கள், வெளியே நின்றவர்கள் அடிபட்டார்கள். நேட்டோதான் போரை வரவழைக்கிறது என்ற கணக்கு இந்த வரைபடத்தோடு பொருந்தவில்லை.

மூன்றாவது சோதனையை நடத்திக் கொடுத்தது பின்லாந்து. ரஷ்யாவோடு அதற்கு 1,340 கிலோமீட்டர் எல்லை உண்டு. 2023 ஏப்ரல் 4 அன்று பின்லாந்து நேட்டோவில் சேர்ந்தபோது, கூட்டணிக்கும் ரஷ்யாவுக்கும் இடையிலான நில எல்லையின் நீளம் ஒரே நாளில் இரண்டு மடங்குக்கும் மேலானது. ரஷ்யாவின் அணு நீர்மூழ்கிக் கப்பல்கள் நிற்கும் கோலா தீபகற்பம் பின்லாந்துக்கு அடுத்தாற்போல் இருக்கிறது. நேட்டோ எல்லைக்கு வருவதே உயிர்போகும் ஆபத்து என்றால் இதைவிடப் பெரிய ஆபத்து வேறென்ன? பின்லாந்தும் ஸ்வீடனும் சேர்வதால் உடனடி அச்சுறுத்தல் எதுவும் இல்லை என்று 2022 மே மாதத்திலேயே சொல்லிவிட்டார் புதின். பிறகு லெனின்கிராடு இராணுவ மாவட்டம் மீண்டும் உருவாக்கப்பட்டது, எச்சரிக்கைகளும் வந்தன; ஆனால் படையெடுப்பு இல்லை, இறுதி எச்சரிக்கை இல்லை. உக்ரைனுக்குக் கிடைக்கும் என்ற உத்தரவாதமே இல்லாத உறுப்புரிமைக்கு ஒரு பெரும் போர். பின்லாந்து உண்மையிலேயே பெற்ற உறுப்புரிமைக்குச் சில அறிக்கைகள். பின்லாந்து தனி நாடு என்பதை மாஸ்கோ ஏற்றுக்கொண்டிருக்கிறது. உக்ரைன் தனி நாடு என்பதை ஏற்கவில்லை. இந்த வித்தியாசத்தை நேட்டோவை வைத்து விளக்க முடியாது.

மாஸ்கோ இதை ஒளித்துவைக்கவும் இல்லை. 2021 ஜூலையில் ரஷ்யர்களும் உக்ரைனியர்களும் ஒரே மக்கள் என்று வாதிடும் நீண்ட கட்டுரை ஒன்றைப் புதின் தம் பெயரில் வெளியிட்டார். 2022 பிப்ரவரி 21 அன்று ஏறக்குறைய ஒரு மணி நேரம் தொலைக்காட்சியில் உரையாற்றினார். அதில் நேட்டோவும் ஏவுகணைகளும் வருகின்றன, மறுக்கவில்லை. ஆனால் அவர் தொடங்கிய இடம் வேறு. இன்றைய உக்ரைன் போல்ஷெவிக்குகளின் படைப்பு, லெனின் வரைந்த எல்லை, ஸ்டாலின் சேர்த்த நிலம், 1954இல் குருஷேவ் தூக்கிக்கொடுத்த கிரைமியா என்று அந்த நாட்டின் பிறப்பையே குற்றப்பத்திரிகையாக வாசித்தார். போர் தொடங்கி மூன்று மாதங்களுக்குப் பிறகு, ஜூன் மாதத்தில், மகா பீட்டர் ஸ்வீடனோடு நடத்திய போரைக் குறிப்பிட்டு, அவர் நிலத்தைப் பிடிக்கவில்லை, மீட்டார் என்றும் தமக்கும் அதே பொறுப்பு வந்திருக்கிறது என்றும் பேசினார். சொல்லைவிடச் செயல் இன்னும் தெளிவானது. 2022 செப்டம்பர் 30 அன்று தோனெத்ஸ்க், லுகான்ஸ்க், ஜாப்பொரீஷியா, கெர்சன் ஆகிய நான்கு மாகாணங்களும் ரஷ்யாவின் பகுதிகள் என்று அறிவிக்கப்பட்டன. அவற்றில் எதுவும் முழுமையாக ரஷ்யாவின் கைக்கு அதுவரை வந்திருக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். லுகான்ஸ்க் மட்டும் ஏறத்தாழ வந்திருந்தது. அண்டை நாடு நடுநிலையாக இருந்தால் போதும் என்பவர் அந்த நாட்டின் மாகாணங்களைத் தம் அரசமைப்புச் சட்டத்தில் எழுதிக்கொள்ள மாட்டார்.

ஏவுகணை அச்சம் என்ற வாதத்துக்கும் ஒரு நேரடிச் சோதனை நடந்தது. 2021 டிசம்பரில் மாஸ்கோ இரண்டு வரைவு ஒப்பந்தங்களை முன்வைத்தது. 1997 மே மாதத்துக்குப் பிறகு சேர்ந்த நாடுகளிலிருந்து நேட்டோ தன் படைகளை விலக்கிக்கொள்ள வேண்டும் என்பது அவற்றில் இருந்த கோரிக்கைகளில் ஒன்று. அடுத்த மாதம் அமெரிக்கா அனுப்பிய பதில் பத்திரிகைகளில் கசிந்தது. உக்ரைனில் தரைவழி ஏவுகணைகளை நிறுத்தாமல் இருப்பது பற்றிப் பரஸ்பரம் பேசலாம், ருமேனியாவிலும் போலந்திலும் உள்ள ஏவுகணைத் தடுப்புத் தளங்களில் தாக்கும் ஏவுகணை இல்லை என்பதை உறுதிசெய்ய ஒரு வழிமுறை காணலாம் என்றெல்லாம் அதில் இருந்தது. பாதுகாப்புக் கவலை உள்ள ஒரு நாடு பேரம் பேசத் தொடங்க அதுவே போதிய இடம். முக்கியக் கோரிக்கைகளுக்குப் பதில் இல்லை என்று சொல்லி மாஸ்கோ அதை ஒதுக்கியது. சில நாட்களில் டாங்கிகள் எல்லையைக் கடந்தன.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். ‘ஓர் அங்குலம்’ வாக்குறுதி எங்கே போயிற்று என்பது முதல் கேள்வி. 1990 பிப்ரவரி 9 அன்று கிரெம்ளினில் அமெரிக்க வெளியுறவுச் செயலர் ஜேம்ஸ் பேக்கர் அந்தச் சொற்களைச் சொன்னது உண்மை. அன்றைய பேச்சு ஒன்றுபட்ட ஜெர்மனியைப் பற்றியது. சோவியத் தலைமையிலான வார்சா ஒப்பந்த அமைப்பு அப்போது உயிரோடு இருந்தது. வேறு சில மேற்கத்தியத் தலைவர்களும் அதே தொனியில் விரிவாகவே பேசியிருக்கிறார்கள் என்பதைப் பின்னர் வெளியான ஆவணங்கள் காட்டுகின்றன. ரஷ்யர்கள் ஏமாற்றப்பட்டதாக உணர்வதற்கு இடம் உண்டு. ஆனால் எழுத்தில் வந்தது என்ன? 1990 செப்டம்பரில் மாஸ்கோவில் கையெழுத்தான ஒப்பந்தம், பழைய கிழக்கு ஜெர்மனியின் நிலத்தில் அந்நியப் படைகளையும் அணு ஆயுதங்களையும் நிறுத்தக் கூடாது என்றது. அதற்கப்பால் எதுவும் இல்லை. நேட்டோ வளரப்போகிறது என்பது தெரிந்தே 1997 மே மாதத்தில் யெல்ட்சின் பாரிசில் நேட்டோ–ரஷ்ய அடிப்படைச் சாசனத்தில் கையெழுத்திட்டார். வாய்ச்சொல் மீறப்பட்டது என்று கொதிப்பவர்கள் கையெழுத்து மீறப்பட்டதையும் கணக்கில் எடுக்க வேண்டும். உலகின் மூன்றாவது பெரிய அணு ஆயுதக் கிடங்கைத் துறந்ததற்கு ஈடாக, 1994 டிசம்பரில் புதாபெஸ்தில் உக்ரைனின் எல்லைகளை மதிப்பதாக ரஷ்யா எழுதிக் கொடுத்தது. 1997இல் நட்புறவு ஒப்பந்தத்தில் அதே எல்லைகளை மறுபடியும் ஏற்றது. இரண்டும் காற்றில் பறந்தன.

புகாரெஸ்ட் மாநாட்டைச் சுட்டுவது அடுத்த மறுப்பு. அதில் வலு இருக்கிறது. 2008 ஏப்ரலில் உக்ரைனும் ஜார்ஜியாவும் ஒருநாள் உறுப்பினர்கள் ஆகும் என்று நேட்டோ அறிவித்தது; ஆனால் ஜெர்மனியும் பிரான்சும் எதிர்த்ததால் அதற்கான செயல்திட்டத்தைத் தரவில்லை. மாஸ்கோவைச் சீண்டவும் செய்து, கீவைப் பாதுகாக்காமலும் விட்ட மோசமான ராஜதந்திரம் அது. வில்லியம் பர்ன்ஸ் அன்று மாஸ்கோவில் அமெரிக்கத் தூதராக இருந்தார். உக்ரைனைச் சேர்ப்பது ரஷ்யாவுக்கு மிகச் சிவந்த கோடு என்று அவர் எச்சரித்தும் பயன் இல்லை. ஆனால் அதற்குப் பிந்தைய பதினான்கு ஆண்டுகளில் அந்த அறிவிப்பு ஓர் அடிகூட முன்னேறவில்லை. 2022இல் உக்ரைன் உறுப்புரிமைக்கு அருகில் இல்லை என்பது வாஷிங்டனுக்குத் தெரியும், பெர்லினுக்குத் தெரியும், மாஸ்கோவுக்கும் தெரியும். புகாரெஸ்டின் பிழை உக்ரைனைக் காப்பின்றி விட்டதில் இருக்கிறது. காப்பின்றி நின்றவரைத் தாக்கியவரின் பொறுப்பு அந்தப் பிழையால் குறைந்துவிடாது.

‘கொசோவோவில், ஈராக்கில், லிபியாவில் மேற்குலகம் செய்ததை மறந்துவிட்டீர்களா?’ என்று கேட்பார்கள். மறக்கக் கூடாது. 1999இல் ஐ.நா. பாதுகாப்பு அவையின் ஒப்புதல் இல்லாமல் 78 நாட்கள் யூகோஸ்லாவியா மீது குண்டு விழுந்தது. 2003இல் இல்லாத பேரழிவு ஆயுதங்களின் பெயரால் ஈராக் நாசமாக்கப்பட்டது. நம் தெருக்களில் அப்போது நடந்த ஊர்வலங்கள் நியாயமானவை. அவை எந்தக் கொள்கையில் நின்றன? ஒரு வல்லரசு தன் பாதுகாப்பைக் காரணம் காட்டி இன்னொரு நாட்டுக்குள் படையோடு நுழையக் கூடாது என்ற கொள்கையில். புஷ் ‘முன்கூட்டித் தடுக்கும் போர்’ என்று சொன்னதை ஏற்காத நாம், அதையே புதின் சொல்லும்போது ‘அவருக்கு என்ன அச்சமோ’ என்று இரங்கினால், பாக்தாதுக்காக எழுப்பிய குரலையும் நாமே மதிப்பிழக்கச் செய்கிறோம். கியூபா உதாரணமும் இப்படித்தான் திரும்பிவிடுகிறது. தன் கொல்லைப்புறத்தில் ஏவுகணை வந்தபோது அமெரிக்கா பொறுத்துக்கொண்டதா என்கிறார்கள். 1962இல் கியூபாவில் அணு ஆயுத ஏவுகணைகள் உண்மையாகவே இருந்தன. 2022இல் உக்ரைனில் அப்படி ஒன்றுகூட இல்லை. அதைவிட முக்கியம், அந்த நெருக்கடி தீர்ந்த விதம். ஏவுகணைகள் திரும்பின, துருக்கியிலிருந்த அமெரிக்க ஏவுகணைகளும் இரகசிய உடன்பாட்டின்படி அகன்றன, கியூபா கியூபாவாகவே இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு பன்றிகள் வளைகுடாவில் அமெரிக்கா ஏவிவிட்ட படையெடுப்பைக் கண்டித்தவர்களுக்கு, கெர்சனில் நடந்ததைக் கண்டிக்கத் தனிக் காரணம் தேவைப்படாது.

போர் தொடங்கிய முதல் மாதத்திலேயே உக்ரைன் நடுநிலைக்குத் தயாராக இருந்தது, மேற்குலகம்தான் கெடுத்தது என்ற வாதமும் உண்டு. 2022 மார்ச் இறுதியில் இஸ்தான்புல்லில் உக்ரைன் நடுநிலையை முன்வைத்தது மெய்தான். பாதுகாப்பு உத்தரவாதம் எப்படி வேலை செய்யும் என்பதில்தான் பேச்சு முட்டிக்கொண்டது. உக்ரைன் மீண்டும் தாக்கப்பட்டால் உத்தரவாதம் தந்த நாடுகள் எல்லாம் ஒத்துக்கொண்டால்தான் உதவி வரலாம் என்று ரஷ்யா வலியுறுத்தியது. அந்த நாடுகளில் ரஷ்யாவும் ஒன்று. தாக்குபவரின் அனுமதி பெற்றுத் தற்காத்துக்கொள் என்பதற்கு வேறு பொருள் இல்லை. ரஷ்யப் படை விட்டுச்சென்ற, கீவ் அருகிலுள்ள புச்சா நகரின் தெருக்களில் பொதுமக்களின் உடல்கள் கண்டெடுக்கப்பட்டதும் அதே நாட்களில்தான்.

இந்த நேட்டோ வாதத்தில் என்னை மிகவும் உறுத்துவது, கிழக்கு ஐரோப்பிய மக்களுக்கு அதில் இடமே இல்லை என்பது. வாஷிங்டன் நகர்த்துகிறது, மாஸ்கோ எதிர்வினையாற்றுகிறது; நடுவில் இருப்பவர்கள் வெறும் காய்கள். 1940இல் சோவியத் ஒன்றியத்தால் விழுங்கப்பட்ட பால்டிக் நாடுகளுக்கும், 1956இல் டாங்கிகளைப் பார்த்த ஹங்கேரிக்கும், 1968இல் தன் சொந்தக் கூட்டணியாலேயே படையெடுக்கப்பட்ட செக்கோஸ்லோவாக்கியாவுக்கும் யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. அவர்களே போய்க் கதவைத் தட்டினார்கள், தயங்கிய வாஷிங்டனை வற்புறுத்தினார்கள். எந்தக் கூட்டணியில் சேர்வது என்பதை ஒவ்வொரு நாடும் தானே முடிவு செய்யலாம் என்று 1975 ஹெல்சிங்கி உடன்படிக்கையில் சோவியத் ஒன்றியமும், 1999 இஸ்தான்புல் சாசனத்தில் ரஷ்யாவும் கையெழுத்திட்டிருக்கின்றன. ஒருவர் பாதுகாப்பு மற்றவரின் பாதுகாப்பைக் குலைக்கக் கூடாது என்றும் அந்தச் சாசனம் சொல்கிறதே என்பார்கள். சொல்கிறது. எந்த நாடும் எந்தப் பகுதியையும் தன் செல்வாக்கு மண்டலமாகக் கருத முடியாது என்றும் அதே சாசனம் சொல்கிறது. மாஸ்கோ கேட்பது அந்த மண்டலத்தைத்தான்.

காலனி ஆட்சிக்குள் வாழ்ந்த நாடுகளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. 2022 பிப்ரவரி 21 இரவு ஐ.நா. பாதுகாப்பு அவையில் கென்யத் தூதர் மார்ட்டின் கிமானி, ஆப்பிரிக்க எல்லைகள் எல்லாம் லண்டனிலும் பாரிசிலும் லிஸ்பனிலும் வரையப்பட்டவை என்றும், இனத்தையும் மொழியையும் வைத்து அவற்றைத் திருத்தக் கிளம்பினால் இரத்த ஆறுதான் ஓடும் என்றும் எச்சரித்தார். மார்ச் 2 அன்று பொதுச் சபையில் 141 நாடுகள் படையெடுப்பைக் கண்டித்தன. இந்தியா வாக்களிக்கவில்லை. அதற்கு எண்ணெயும் ஆயுதமும் சார்ந்த அரசியல் காரணங்கள் இருக்கலாம். அரசுகள் அப்படித்தான் கணக்குப் போடும். அந்தக் கணக்கை நியாயமாக மாற்றிக்காட்டும் வேலையை எழுதுகிறவர்கள் ஏற்கக் கூடாது.

காரணத்தைச் சரியாகக் கண்டுகொள்வது வெறும் வரலாற்றுச் சண்டை அல்ல. நேட்டோதான் காரணம் என்றால், உக்ரைனை நிரந்தரமாக வெளியே நிறுத்தி ஒரு கையெழுத்து வாங்கினால் அமைதி வந்துவிடும் என்ற முடிவுக்குத்தான் வருவோம். 2010 முதல் 2014வரை உக்ரைன் சரியாக அந்த நிலையில்தான் இருந்தது; அதிலிருந்துதான் போர் வந்தது. ரஷ்யாவுக்கு உண்மையான பாதுகாப்புக் கவலைகள் இருக்கின்றன. ஏவுகணைகளின் எண்ணிக்கை, எல்லையோரப் பயிற்சிகள், பரஸ்பரச் சோதனை, அணு ஆயுதக் கட்டுப்பாடு ஆகியவற்றைப் பற்றி அதனோடு பேச வேண்டும். பேசாமல் இருப்பது உலகத்துக்கே ஆபத்து. ஆனால் உக்ரைன் என்ற நாடு இருக்கலாமா, அது யாரோடு சேரலாம் என்பதை மாஸ்கோவும் வாஷிங்டனும் அந்த மக்களின் தலைக்கு மேல் தீர்மானிக்கும் பேரத்தை அமைதி என்று நாம் ஏற்கக் கூடாது. மீண்டும் தாக்கினால் என்ன நடக்கும் என்ற கேள்விக்கு உறுதியான பதில் இல்லாத எந்த உடன்பாடும் அடுத்த போருக்கான அவகாசமாகவே இருக்கும். புதாபெஸ்தில் 1994இல் எழுதப்பட்டது அப்படிப்பட்ட ஒரு தாள். அதையே இரண்டாம் முறை எழுதச் சொல்லும் வாதத்தை, அது எத்தனை பெரிய பெயர்களோடு வந்தாலும், மறுக்க வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது.